வானலையில் ஓடும் டாங்கி

பொன்முடி என்ற பெயருக்குத் தமிழர் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அது ஒரே சொல், ஒரே பொருள். திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே, கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் சென்றால், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள இம்மலைமுடியை அடையலாம். வானம் தெளிந்த நாளில் மேற்கே கடல் தென்படும். அங்கே கேரளப் போலீஸாரின் கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்று உண்டு. போலீஸார் கையாளும் வகையைச் சேர்ந்த வானலைகள் பெரும்பாலும் பார்வை செல்லும் வழியிலேயே செல்வன. அவ்வளவு உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிப் போகிறது. மலையுச்சியில் நிலையம் அமைப்பதன் இரகசியம் இதுவே.

சேதி சுமக்கும் அவ்வலைகளுக்கு வண்டி ஓட்டவும் தெரியும். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, அரை மீட்டர் நீளமுள்ள மாதிரி டாங்கியை எட்டியிருந்து நடத்துவது இன்று பல நாடுகளில் விரும்பப்படும் பொழுதுபோக்கு. அதைத் தொடங்க எண்ணுவோர் கடையில் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். வரலாற்றையும் சிறிது கேட்டுக்கொள்வது நலம். அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு.

1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் ஒரு சோதனையை நிகழ்த்திக் காட்டினார். அவர் எழுப்பிய கண்ணுக்குப் புலனாகாத அலை சுவர்களை ஊடுருவிச் சென்று, மறுபுறத்தில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. பேச்சோ பாட்டோ வானலை வழியே வருவதற்கு முன்பே, தொலைவிலுள்ள ஒரு பொருளை ஒரு செயல் செய்ய வைத்துவிட்டார் போஸ். வானொலியின் வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்து போவது எனக்கு உடன்பாடன்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1898இல், நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, தொடாமலே திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். மாதிரி வண்டி ஓட்டுவோர் அனைவருக்கும் அப்படகே மூதாதை எனலாம்.

டாங்கி பிறந்தது பிறகுதான். 1916 செப்டம்பர் 15ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷார் அதை முதன்முதலாக இறக்கினர். இரகசியம் வெளிப்படாதிருக்க, நீர்த்தொட்டி செய்வதாகச் சொல்லி வைத்த பெயரே ‘டாங்க்’. நம் ஊர் ஏரியையும் குளத்தையும் வருவாய்த் துறையினர் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பர். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவனுக்கு இச்சொல் எதிர்ப்பட்டால் ஒரு கணம் பேனா தயங்கும். பாசன ஏரியைப் பீரங்கி வண்டியாக்கிவிடக் கூடாதல்லவா!

ஆளில்லா டாங்கியைப் பெருமளவில் போருக்கு அனுப்பத் துணிந்தது சோவியத் நாடு. 1930களில் டி-26 என்னும் டாங்கிகளில் வானலைக் கருவிகளைப் பொருத்தி, 500 முதல் 1,500 மீட்டர் பின்னாலிருந்த மற்றொரு டாங்கியிலிருந்து அவற்றை நடத்தினர். 1939-40இல் பின்லாந்தோடு நடந்த போரில் அவற்றைப் பயன்படுத்தியபோது, பனியும் பாறையும் பள்ளமும் அவற்றை மிகவும் தொல்லைப்படுத்தின. உள்ளே ஆள் இருந்தால் பள்ளம் கண்ணில் படும். பின்னால் இருப்பவனுக்குப் படாது. ஜெர்மானியர் 1942 முதல் கையாண்ட ‘கோலியாத்’ என்ற குட்டி வெடிவண்டியோ கம்பியை இழுத்துக்கொண்டே ஊர்ந்தது. கம்பி அறுந்தால் காரியம் முடிந்தது.

தமிழ்நாட்டில் ஆவடிக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. விஜயந்தா டாங்கி அங்கே 1965இல் உருவாகி வெளிவந்தது. அவ்வூரிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம் 2017இல் ‘முந்த்ரா’ என்னும் ஆளில்லாச் சங்கிலித்தட வண்டியை வெளிக்கொணர்ந்தது. அது மூன்று வகைப்படும்: வேவு பார்ப்பது ஒன்று, கண்ணிவெடி தேடுவது ஒன்று, அணு, உயிரி நச்சுகள் பரவிய நிலத்தை ஆராய்வது மற்றொன்று.

போர்க்களத்து யந்திரத்தை மேசைக்குக் கொண்டுவந்ததில் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் மின்மோட்டார் பொருத்திய பேந்தர் டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரியை விற்பனைக்கு அனுப்பியது. மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டுமென்பதற்காக அமைந்த அளவு, அசலில் 35இல் ஒரு பங்கு. அவசியத்தால் வந்த அவ்வளவே பின்னர் உலக வழக்காகிவிட்டது. வானலையால் ஓடுவனவோ பெரும்பாலும் 16இல் ஒரு பங்கு. எட்டு மீட்டர் டாங்கி அரை மீட்டராகும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் ஒரு தடையாக நின்றது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, அரசாங்கம் விலக்களித்தாலன்றி, லைசென்ஸ் இல்லாமல் எவரும் வானலைக் கருவியை வைத்திருக்கலாகாது. எம் தந்தையாரின் டிரங்குப் பெட்டியில், தபால் நிலையத்தார் வழங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் நெடுநாள் இருந்தது. கேட்பதற்கே 1980களின் நடுப்பகுதி வரை அனுமதி வேண்டியிருந்தது என்றால், அலையை அனுப்புவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? 2005ஆம் ஆண்டில்தான் கதவு அகலத் திறந்தது. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை 5 வாட்டுக்குட்பட்ட கருவிகளுக்கும், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை 4 வாட்டுக்குட்பட்டவற்றுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு வந்தது. பிறருக்கு இடையூறு செய்யலாகாது. பிறரால் இடையூறு நேர்ந்தால் காப்புக் கோரவும் இயலாது. அலைவரிசையை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். விதிகளின் உயிர்நிலை இம்மூன்றே. வானவெளி பொதுச்சொத்து என்பதைச் சாதாரணப் பையனுக்கும் மெய்யாக்கிக் காட்டியவை இவ்விதிகள். அதற்கு 72 ஆண்டுகள் பிடித்தன.

இனித் தொடங்கும் முறை. மாதிரி டாங்கிக்குத் திசை திருப்பும் சக்கரம் கிடையாது. இருபுறச் சங்கிலிகளுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. இடது மெதுவாகவும் வலது விரைவாகவும் சுழன்றால் வண்டி இடப்புறம் திரும்பும். இரண்டும் எதிரெதிராகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே சுற்றும். சீனத்து ஹெங்லாங் நிறுவனம் முழுமையாகப் பொருத்திய வண்டிகளைச் செய்கிறது. டாமியாவின் உறுப்புகளையோ நாமே இணைத்துக் கட்டவேண்டும். பொறுமையுள்ளவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது. யந்திரத்தைத் திறந்து பாராமல் ஓட்டுவதில் பாதி இன்பம் போய்விடுகிறது. சில வண்டிகள் குண்டுக்குப் பதில் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தும். ஒளி பட்ட எதிரி வண்டி தளர்ந்து நின்றுவிடும். போரில் இவ்வளவு சாந்தம் கிடையாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளே இன்று பொதுவழக்கு. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் இருவர் ஒரே அலைவரிசையைப் பிடித்தால் ஒருவர் வண்டி மற்றவர் கட்டளைக்குத் துள்ளும். புதியவற்றில் அத்தொல்லை அரிது. ஆனால் இவ்வலைகளும் பார்வை வழியையே நாடுவன. பொன்முடியில் என் தமக்கை மகன் சாலையோரத்தில் தன் டாங்கியை ஓட்டினான். பெரும்பாறை ஒன்றின் பின்னே மறைந்ததும் அது நின்றுவிட்டது. அது பழுதன்று, தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் தாமே நிற்குமாறு அவன் முன்கூட்டியே அமைத்திருந்தான். மலையுச்சி நிலையத்துக்கு நூறு கிலோமீட்டர் எட்டும். தரையோடு கிடக்கும் சிறு ஆன்டெனாவுக்கு ஒரு பாறையே அடிவானம். வண்டி வாங்கியவர் வேறெதையும் செய்யுமுன், அதைக் கையில் தூக்கிப் பிடித்து, கட்டளைப் பெட்டியை அணைத்து, சங்கிலிகள் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியம் மின்கலத்தை ஆளில்லாத அறையில் மின்னேற்ற விடலாகாது.

தில்லியிலோ மும்பையிலோ அடுக்குமாடியில் குடியிருப்போருக்கு மொட்டைமாடியே போதும். இரண்டு செங்கற்களை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போட்டுப் பழகலாம். வண்டி நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். கை அதற்குப் பழகுவதற்குள் முதல் மின்கலம் தீர்ந்துபோகும்.