மூன்றும் நாலும் ஐந்து

மூன்றையும் நாலையும் கூட்டினால் ஏழு என்பீர்கள். ஏ.சி. கரண்ட் இதை ஒப்புக்கொள்ளாது. 3 ஓம் ரெஸிஸ்டரையும், 4 ஓம் தடுக்கும் கம்பிச்சுருளையும் வரிசையாக இணைத்தால் மொத்தத் தடுப்பு 5 ஓம்தான். சுருளில் வோல்டேஜ் உச்சிக்குப் போய்க் கால் சுற்று கழித்துத்தான் கரண்ட் உச்சிக்கு வருகிறது. அதனால் இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, பிதாகரஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இப்போது 4 ஓம் தடுக்கும் ஒரு கண்டென்ஸரையும் வரிசையில் சேருங்கள். அதில் எல்லாம் தலைகீழ். கரண்ட் முந்திக்கொள்ளும். சுருளும் கண்டென்ஸரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் 3 ஓம்! தடையைக் கூட்டினோம், தடை குறைந்துவிட்டது. பழைய ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடித்தோமே, இதே வித்தைதான்.

இந்த மொத்தத் தடுப்புக்கு 1886-ல் 'இம்பீடன்ஸ்' என்று பெயர் வைத்தவர் லண்டன்காரரான ஆலிவர் ஹெவிசைட். சின்ன வயதுக் காய்ச்சலில் காது மந்தம். பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. தந்தி வேலையையும் 24 வயதில் உதறிவிட்டு, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியலைத் தானாகவே கற்றார்.

அப்போது நீளமான டெலிபோன் கம்பிகளில் பேச்சு குழம்பிப்போய்க்கொண்டிருந்தது. கம்பியே ஒரு கண்டென்ஸர் போல நடந்துகொண்டதுதான் முக்கியக் காரணம். 'இன்டக்டன்ஸைக் கூட்டுங்கள், பேச்சு தெளியும்' என்றார் ஹெவிசைட். கேட்டவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பிரிட்டிஷ் தபால் துறையின் மின்நிபுணர் வில்லியம் பிரீஸ், இன்டக்டன்ஸ்தான் டெலிபோனுக்கு எதிரி என்று நம்பியவர். ஹெவிசைடும், அதே துறையில் வேலை பார்த்த அண்ணன் ஆர்தரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை 1887-ல் வெளிவர விடாமல் தடுத்தார்.

அமெரிக்காவில் மைக்கேல் புபின், கம்பியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு சுருள் வைக்கும் முறைக்கு 1900-ல் பேடன்ட் வாங்கினார். அதை ஏ.டி. அண்ட் டி. கம்பெனி லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியது. ஹெவிசைட் பேடன்ட் எடுக்கவில்லை. சர்க்கார் பென்ஷனில் காலம் தள்ளி, 1925-ல் டார்கீயில் இறந்துபோனார்.

உங்கள் வீட்டு ஸ்பீக்கரின் பின்புறம் '8 ஓம்' என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண மீட்டரில் அளந்தால் அவ்வளவு காட்டாது. ஏனென்றால் அது ரெஸிஸ்டன்ஸ் இல்லை, இம்பீடன்ஸ். அந்தக் காது கேளாத மனிதர் வைத்த பெயர்.