ஒரு துணி வியாபாரியின் உயில்

மான்செஸ்டர் என்றால் நம் பாட்டனார் காலத்தவருக்கு மல் துணிதான் ஞாபகம் வரும். நம் ஊர்த் தறிகள் ஓய்ந்ததற்கு அந்தப் பெயரைச் சொல்லி வைதவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அந்த ஊரில் உலகம் மதிக்கும் ஆராய்ச்சிச் சர்வகலாசாலை ஒன்று இருக்கிறது என்றால், பஞ்சு மூட்டைக்கும் சரஸ்வதிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் ஓர் உயிலில் இருக்கிறது.

ஜான் ஓவன்ஸ் என்று ஒரு வியாபாரி. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் துணி ஏற்றுமதி செய்து பணம் சேர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தை ஜார்ஜ் ஃபாக்னர் என்ற நண்பருக்கே எழுதிவைக்க நினைத்தாராம். "எனக்கு இருப்பதே போதும், ஒரு கலாசாலைக்குக் கொடு" என்கிற மாதிரி அந்தப் புண்ணியவான் சொல்லிவிட்டதாகக் கதை. 1846-ல் ஓவன்ஸ் காலமானபோது சுமார் 96 ஆயிரம் பவுன் கலாசாலைக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: மாணவனையோ ஆசிரியரையோ, "நீ எந்த மதப் பிரிவு?" என்று யாரும் சோதிக்கக் கூடாது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்த நாளில் ஆக்ஸ்போர்டில் சேருவதற்கே இங்கிலாந்து திருச்சபையின் கொள்கைகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். கேம்பிரிட்ஜில் படிக்க விடுவார்கள்; பட்டம் வாங்கும்போது கையை நீட்டுவார்கள். திருச்சபையை விட்டு விலகியவனும் யூதனும் கத்தோலிக்கனும் வெளியே நிற்க வேண்டியதுதான். 1871-ல்தான் சட்டம் போட்டு அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். லண்டனில் மதம் கேட்காத கலாசாலை ஒன்று முன்பே தோன்றியிருந்தது உண்மை. ஆனால் வடக்கே ஆலைப் புகைக்கு நடுவில் அப்படி ஒன்று இல்லை.

1851-ல், ரிச்சர்ட் காப்டன் முன்பு குடியிருந்த வீட்டில் ஓவன்ஸ் கலாசாலை திறந்தது. மாணவர்கள் வரவில்லை! "இது தோற்றுப்போன காரியம்" என்று பத்திரிகையே எழுதிற்று. 1857-ல் ரசாயனப் பேராசிரியராக வந்த இளைஞர் ராஸ்கோ ஒரு மாலை வாசலில் நின்றபோது, நாடோடி ஒருவன் வந்து, இதுதான் ராத்தங்கல் சத்திரமா என்று விசாரித்தானாம். இன்னும் இல்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் ஆகியிருக்கும் என்றாராம் ராஸ்கோ. நொந்த மனத்திலும் என்ன நகைச்சுவை, பாருங்கள்!

அது சத்திரமாகாமல் காத்ததில் பெரும் பங்கு அவருடையதுதான். ஜெர்மனியில் புன்சனிடம் பயின்றவர் அவர். பாடத்தை ஒப்பிப்பது படிப்பல்ல, மாணவன் தன் கையால் சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார். சாயமும் சலவைக்காரமும் வேண்டிய ஆலைக்காரர்களுக்கு அது உடனே புரிந்தது. 1873-ல் புதுக் கட்டிடத்துக்குப் போனார்கள். அது இருக்கும் சாலையின் பெயர், வேடிக்கையைக் கேளுங்கள், ஆக்ஸ்போர்ட் ரோடு!

1880-ல் சர்வகலாசாலை அந்தஸ்து கிடைத்தது. 1907-ல் ரூதர்ஃபோர்ட் வந்து சேர்ந்தார். மெல்லிய தங்கத் தகட்டின்மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சிப் பார்க்கும் வேலையில், கைகர் என்ற உதவியாளரோடு மார்ஸ்டன் என்ற மாணவரையும் ஈடுபடுத்தினார். மார்ஸ்டன் அப்போது பட்டம்கூட வாங்கவில்லை. ஆயிரமாயிரம் துகள்களில் ஏதோ ஒன்று, சுவரில் மோதிய பந்துபோல் திரும்பி வந்தது. அதைக்கொண்டே அணுவுக்குள் ஒரு கரு உண்டு என்று 1911-ல் ரூதர்ஃபோர்ட் வெளியிட்டார். கட்டளைகளைத் தன் நினைவிலேயே வைத்து இயங்கிய முதல் மின்னணுக் கணினி ஓடியதும் இங்கேதான், 1948-ல். இங்கே படித்தும் பணிபுரிந்தும் நோபல் பரிசு பெற்றவர்கள் 25 பேருக்குக் குறையாது.

ஓவன்ஸிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மதத்தைக் கேட்காதே என்றவர், படிப்பு ஆண்பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டார். 1883 வரையில் பெண்கள் காத்திருந்தார்கள். அப்போதும் தனி இடத்தில்தான் பாடம்.

ஆனால் திறந்த கதவு திறந்தபடியே நிற்பதில்லை, இன்னும் அகலமாகிறது. 1948-ல் மேற்கிந்தியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் என்ற கறுப்பர், 33 வயதில், இங்கே பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். பிற்பாடு, 1979-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1954-ல் அந்தச் சர்வகலாசாலையின் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, நிலத்தில் வேலைக்கு மிஞ்சி ஆட்கள் நிற்கும் ஏழை நாடுகள் எப்படி முன்னேறும் என்பதைப் பற்றியது. அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இந்தியாவும் ஒன்று. ஓவன்ஸின் துணி மூட்டைகள் கப்பலேறிப் போன அதே இந்தியாதான்.