பரண்ல இருக்கிற ரேடியோவை உடனே பிளக்ல சொருகாதீங்க

செஞ்சின்னு சொன்னா நமக்கு ராஜகிரி, கல்யாண மகால், தேசிங்கு ராஜன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியல்லயும் அந்தக் கோட்டை சேர்ந்துடுச்சு. ஆனா இன்னைக்கு நாம மலை ஏறப் போறதில்ல. கோட்டைக்குக் கீழ இருக்கிற ஊர்ல, ஏதோ ஒரு பழைய வீட்டுப் பரண்ல தூங்குற மரப்பெட்டியைத் திறக்கப் போறோம். கரண்ட்ல ஓடுற வால்வு ரேடியோ.

முதல்ல அதோட டயலைப் பாருங்க. மீடியம் வேவ் ஒரு வரிசை, ஷார்ட் வேவ் இன்னும் ஒண்ணு ரெண்டு வரிசை. ஏன் இத்தனை?

சென்னையில் வானொலியை ஆரம்பிச்சது அரசாங்கம் இல்ல, ஒரு கிளப். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-ல் தொடங்கின மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அதே வருஷம் ஜூலை 31-ல் ஒலிபரப்பை ஆரம்பிச்சது. பணம் இல்லாம 1927-ல் நின்னுபோச்சு. 1930-ல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது. 1938 ஜூன் 16-ல் ஆல் இந்தியா ரேடியோவோட சென்னை நிலையம் வந்தது.

இங்கதான் செஞ்சிக்கான விஷயம் இருக்கு. அன்னைக்கு சென்னைக்குக் கிடைச்ச மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டரோட சக்தி வெறும் 250 வாட். நகரத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் அது போதும். மாகாணத்தோட மத்த ஊர்களுக்காக 10 கிலோவாட் ஷார்ட் வேவ் டிரான்ஸ்மிட்டர் தனியா இருந்தது. சென்னையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செஞ்சி மாதிரி ஊர்ல ரேடியோ வாங்கினவருக்கு ஷார்ட் வேவ் ஆடம்பரம் இல்ல, அவசியம். மொட்டை மாடியில் ரெண்டு கம்பு நட்டு ஏரியல் கம்பி கட்டினதும், எர்த் கம்பியை மண்ணுல இறக்கினதும் அதுக்காகத்தான். அடுத்த வருஷம், 1939-ல், திருச்சி நிலையம் வந்தது. பக்கத்துல இருக்கிற புதுச்சேரிக்கு நிலையம் வர 1967 ஆச்சு.

இன்னொரு செலவும் இருந்தது. ரேடியோ வெச்சிருக்க லைசென்ஸ் வேணும். வருஷா வருஷம் தபால் ஆபீஸ்ல பணம் கட்டிப் புதுப்பிக்கணும். பரண்ல ரேடியோவோட அந்த லைசென்ஸ் புத்தகமும் கிடைச்சா பத்திரமா எடுத்து வைங்க. அந்த வீட்ல எந்த வருஷம் ரேடியோ பாடிச்சுன்னு அது சொல்லும்.

சரி, இப்போ பலர் பண்ற காரியத்துக்கு வருவோம். தூசி தட்டுறது, பிளக்ல சொருகுறது, "பாடுதா பார்ப்போம்"னு சுவிட்சைப் போடுறது. தயவுசெஞ்சு வேண்டாம்.

வால்வு செத்திருக்கும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. பெரும்பாலும் வால்வு நல்லாவே இருக்கும். கெட்டுப்போறது கண்டன்சர். காகிதத்தையும் மெழுகையும் வெச்சுச் செஞ்ச பழைய கண்டன்சர், வருஷக்கணக்கா ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கசிய விடும். ஸ்பீக்கரை ஓட்டுற அவுட்புட் வால்வுக்கு முன்னாடி இருக்கிற ஒரு சின்ன கண்டன்சர் கசிஞ்சா, வால்வுக்குள்ள தேவைக்கு மேல கரண்ட் பாயும். வால்வும் போகும், அதோட சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். சில்லறைக் காசு பாகம், கிடைக்கவே கிடைக்காத பாகத்தைக் கொன்னுடும்.

உயிருக்கும் ஆபத்து இருக்கு. உள்ள 200 வோல்ட்டுக்கு மேல டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டன்சர்ல கொஞ்ச நேரம் அது தங்கும். "ஏசி/டிசி"ன்னு எழுதியிருந்தா இன்னும் உஷார். சில இந்திய நகரங்கள்ல டிசி மின்சாரம் இருந்த காலம் அது. ரெண்டுலயும் ஓடணும்னு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே செஞ்ச செட்டுகள். அதுல இரும்பு சேஸிஸே நேரா லைனோட சேர்ந்திருக்கலாம். பிளக்கை மாத்திச் சொருகினா, தொட்ட இடமெல்லாம் ஷாக்.

அனுபவமுள்ள மெக்கானிக் என்ன பண்ணுவார்? முதல்ல கரண்டே கொடுக்க மாட்டார். தூசியை பிரஷ்ல தட்டுவார். எலி கடிச்ச வயரை மாத்துவார். மீட்டர் வெச்சு டிரான்ஸ்ஃபார்மர்களைச் சோதிப்பார். சந்தேகமான கண்டன்சரை எடுத்துட்டுப் புதுசைப் பத்த வைப்பார். அப்புறம் ஒரு குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட். முதல்ல எரிஞ்சு மெல்ல மங்கினா நம்பிக்கை இருக்கு. வால்வு சூடேற அரை நிமிஷம். அப்புறம் ஒரு மெல்லிய "உம்...". அதுதான் உயிர் வந்த சத்தம்.

இதெல்லாம் எதுக்கு, உள்ள இருக்கிறதைக் கழட்டிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வெச்சா அழகா இருக்காதான்னு கேட்கலாம். இருக்கும். ஆனா அந்த ஷார்ட் வேவ் காயிலும் ஏரியல் முனையும், சென்னையோட குரல் ஒரு சின்ன ஊருக்கு எவ்வளவு சிரமப்பட்டு வந்ததுன்றதுக்கு சாட்சி. கோட்டைச் சுவரைத் தொல்லியல் துறை பார்த்துக்கும். பரண்ல இருக்கிற சாட்சியை நாமதான் பார்த்துக்கணும்.

இந்த வாரம் ஊருக்குப் போனா, பெட்டியை போட்டோ எடுங்க. பின் அட்டையில் இருக்கிற மாடல் நம்பரைக் குறிச்சுக்கோங்க. வால்வு செட் பார்த்த பெரியவர் ஒருத்தர் ஊர்ல இருந்தா அவரைக் கூட்டிட்டு வாங்க, அவர் வேலை செய்யும்போது பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கோங்க. பிளக் மட்டும் அதுவரைக்கும் கீழயே கிடக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.