பத்து நிமிடம் பிந்திய நிலவு

இரவில் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அதோ ஒரு விண்மீன், இந்த நொடியில் அங்கே எரிகிறது என்று நம்புகிறோம். கண்ணால் கண்டதாயிற்றே, ஐயமேது என்கிறோம். ஆனால் நாம் காண்பது விண்மீனையன்று. என்றோ அதைவிட்டுப் புறப்பட்டு இன்று நம் கண்ணை வந்தடைந்த ஒளியை!

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஒப்பிவிடவில்லை. ஒளிக்குக் காலமே வேண்டாம், கணத்தில் எங்கும் பரவும் என்றார் பிரெஞ்சுப் பேரறிஞர் டேக்கார்ட். அது பொய்யாகுமெனில் தாம் தத்துவமே அறியாதவர் என ஒப்புவதாகவும் எழுதினார். அத்துணை உறுதி! இத்தாலியின் கலிலியோவோ, சோதித்துப் பார்ப்போம் என்றார். இருவர் விளக்கேந்தித் தொலைவில் நிற்பது. ஒருவர் மறைப்பை நீக்கியதும் மற்றவரும் நீக்குவது. ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில் ஒளியின் விரைவு பிடிபடவில்லை என்று 1638இல் வெளிவந்த நூலில் மறைக்காமல் உரைத்தார். மண்ணில் தொலைவு போதவில்லை, விண்ணை நாடவேண்டியிருந்தது.

வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளை 1610இல் கண்டுரைத்தவரும் அந்தக் கலிலியோவே. அவற்றுள் அயோ என்பது ஏறத்தாழ 42½ மணிக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் நிழலில் மூழ்கி எழும். எப்போது மூழ்கும், எப்போது எழும் என்று அட்டவணை வகுத்தார் பாரிஸ் வானாய்வுக் கூடத்துக் காசினி. அட்டவணையோ பிழைத்தது! பூமி வியாழனை நெருங்கும் மாதங்களில் நிகழ்ச்சி முந்தியது. விலகும் மாதங்களில் பிந்தியது.

நிலவா நெறி தவறியது? இல்லை என்றார், அங்கே பணியாற்றிய டென்மார்க்கு இளைஞர் ஓலே ரோமர். தொலைவு கூடினால் ஒளியின் பயணமும் நீளும், காட்சி பிந்தும் என்றார். சொல்லோடு நின்றாரா? 1676 நவம்பர் 9ஆம் நாள் அயோ நிழலைவிட்டு எழுவது கணக்கிட்டதினும் 10 நிமிடம் பிந்தும் என முன்கூட்டியே அறிவித்தார். அந்நாள் வந்தது. அறிவித்தபடியே பிந்தியது!

காசினி அப்போதும் இசையவில்லை. மற்ற மூன்று நிலவுகள் இக்கணக்குக்கு அடங்கவில்லையே என்று கேட்டார். கேட்டது குற்றமன்று, விடை வரக் காலமாயிற்று. 1710இல் ரோமர் மறைந்தார். 1728இல் இங்கிலாந்தின் பிராட்லி, பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் சற்றே இடம்பெயர்ந்து தோன்றுவதைக் கண்டு, ஒளிக்கு வேகமுண்டு என்பதை வேறு வழியில் நிறுவினார். பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்றார் ரோமர். உண்மையில் ஏறத்தாழ 17 நிமிடம். அளவு திருந்தியது, கருத்து நிலைத்தது.

இன்று அறிகிறோம்: ஒளி நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் ஓடுகிறது. நாம் காணும் கதிரவன் 8 நிமிடத்துக்கு முந்தையது. ஆண்ட்ரோமீடா மண்டலம் 25 இலட்சம் ஆண்டுக்கு முந்தையது. 1987 பிப்ரவரியில் தென்வானில் ஒரு விண்மீன் வெடிக்கக் கண்டனர். அது வெடித்ததோ ஏறத்தாழ 1,68,000 ஆண்டுகளுக்கு முன்! அதற்கு முந்தைய ஆண்டுகளில் வானியலார் எடுத்த படங்களில் உயிரோடு ஒளிர்ந்தது, என்றோ மாண்டுபோன மீன்.

கண்டோம் என்பதாலேயே ஒன்று இன்றைய உண்மையாகிவிடாது. பெரியோர் உரைத்தார் என்பதாலும் ஆகாது. தோழர்களே, எந்த ஒளி வந்தாலும் முதலில் கேட்போம்: நீ புறப்பட்டது எப்போது?