வேனில் வழியும் செங்கற்பட்டுச் சந்திப்பும்

கவுந்தியடிகளின் துணையோடு கோவலனும் கண்ணகியும் மதுரை நோக்கி நடந்த காலம் கடுமையான வேனிற்காலம். வெயிலில் காய்ந்த பரல் நிலத்தைக் கண்ணகியின் அடிகள் தாங்கமாட்டா என்று உணர்ந்த கோவலன், இனி இரவில் நடப்போம் என்று அடிகளிடம் கூறுகிறான். பாண்டிய நாட்டில் விலங்குகளும் வழிப்போக்கரை வருத்தா என்பது அவன் காட்டும் காரணம். அடிகளும் இசைகிறார். நிலவு எழும்வரை பொறுத்திருந்து, அறவுரை கேட்டவாறே அவர்கள் வழி கடந்ததைச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை கூறுகிறது.

வெயிலை வெல்ல நம் முன்னோர் கைக்கொண்ட முதல் வழி இதுவே. பொழுதைத் தேர்ந்து நடப்பது, வெயில் தணியும்வரை நிழலில் தங்குவது என்னும் இரண்டும் பயணியின் கையிலேயே இருந்தன. அவனுக்காகச் சாலையோரம் மரங்கள் நடப்பட்டன. குளங்களும் சத்திரங்களும் சுமைதாங்கிக் கற்களும் அமைக்கப்பட்டன. கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல்கள் எழுந்தன.

நம் செங்கற்பட்டுக் கடற்கரையிலும் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலவியது. முட்டுக்காட்டு உப்பங்கழியை ஊடறுத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பெற்றுப் படிப்படியாகத் தெற்கே நீண்டது. 1878-இல் இன்றைய பெயரைப் பெற்றது. மாமல்லபுரம் காண விழைந்தோர் மாலையில் சென்னையில் படகேறி, இரவெல்லாம் கால்வாயில் மிதந்து, விடியலில் சென்று சேர்வது அக்காலத்து வழக்கம். கவுந்தியடிகள் இசைந்த அதே முறை, நீர்வழியிலும் தொடர்ந்தது எனலாம்.

இருப்புப்பாதை வந்தபின் இந்நிலை மாறிற்று. 1865-இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சிறு பாதை ஒன்று அமைந்தது. 1874-இல் தென்னிந்திய ரயில்வே நிறுவனம் உருவாயிற்று. பின்னர் சென்னையிலிருந்து தெற்கே சென்ற பெரும்பாதையும், காஞ்சிபுரத்திலிருந்து வந்த கிளைப்பாதையும் கூடுமிடமாகச் செங்கற்பட்டு விளங்கியது. தஞ்சை, கும்பகோணம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து ரயிலில் புறப்படும் நம் குடும்பங்கள், சினகாஞ்சியாம் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதரை வணங்கச் செல்லும்போது இறங்கி வண்டி மாற வேண்டிய இடம் இதுவே. இங்கே பொழுதைத் தேர்பவர் பயணி அல்லர். கால அட்டவணையே தேர்ந்தது. உச்சி வேளையில் இறக்கிவிட்டால் உச்சி வேளையில் காத்திருக்க வேண்டியதுதான்.

செங்கற்பட்டின் வெயிலுக்கு ஓர் இயல்பு உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேறுவதால் கடற்காற்று நிலம் நோக்கி வீசும். முட்டுக்காட்டுக் கரையில் அது முதலில் வந்து சேரும். கடலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செங்கற்பட்டுக்கோ பிந்தியே வரும்; மேல்காற்று வலுத்த நாள்களில் வராமலும் போகும். நிலையத்தை அடுத்துள்ள கொளவாய் ஏரியின் காற்று ஓரளவே ஆறுதல் தரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிடின் உடற்சூடு தணியாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரி செல்சியசை எட்டியது என்பதை நினைத்தால் இவ்வட்டாரத்துக் கோடையின் கடுமை விளங்கும்.

இதை எதிர்கொள்ளும் வசதி எல்லார்க்கும் ஒன்றாக அமையவில்லை. முதல் வகுப்புப் பயணிக்கு நனைத்த வெட்டிவேர்த் தட்டிகள் இருந்தன. 1934-இல் பம்பாயிலிருந்து வடமேற்கே சென்ற பிரான்டியர் மெயிலில் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய பெட்டி இணைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அங்குள்ள நெரிசலையும் தூய்மைக் கேட்டையும் காந்தியடிகள் 1917-இல் எழுதி வெளியிட்டார். தென்னிந்திய ரயில்வே நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் ஒழிந்தது. வெயில் எல்லார்மேலும் ஒன்றாகக் காய்ந்தது. நிழலும் நீரும் ஒன்றாகக் கிடைக்கவில்லை.

நம் குடும்பங்களுக்கு மேலும் ஒரு நெருக்கடி உண்டு. வடிகட்டாத நீரைப் பருகலாகாது. வடிகட்டிய நீரும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடமே கொள்ளத்தக்கது. காய்ச்சினால் கூடுதல் நேரம் கொள்ளலாம். ஆகவே காய்ச்சிய நீரைக் கூஜாவில் நிரப்பி, அதன்மேல் ஈரத்துணி சுற்றி எடுத்துச் செல்வர். துணியின் ஈரம் உலரும்போது உள்ளிருக்கும் நீரின் சூடு தணியும். மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இவ்வாறே. உயிர்க்கொலை அஞ்சிக் காய்ச்சிய அந்நீர், வாந்திபேதி பரவிய காலங்களில் குடித்தவர் உயிரையும் காத்தது.

பொழுது சாய்ந்தபின் உண்ணாமை அதனினும் கடினமானது. வெயிலுக்கு அஞ்சி இரவில் பயணம் செய்வோர்க்கு இரவு உணவு இல்லை. மாலை வண்டி தாமதமானால் கட்டுச்சோறு கையிலிருந்தும் மறுநாள் கதிரவன் எழும்வரை பசித்திருக்க வேண்டும். வெயில் தணியும் பொழுதும் உண்ணும் பொழுதும் ஒன்றுக்கொன்று மாறுபட்டு நின்றன. இவ்விரண்டுக்கும் இடையேதான் நம் பாட்டிமார் தம் பயணங்களை வகுத்துக்கொண்டனர்.

இன்றும் இச்சிக்கல் தீரவில்லை. மகாவீர் ஜெயந்தி பங்குனி, சித்திரையில் வருகிறது. அட்சய திருதியை சித்திரையை ஒட்டி வருகிறது. திருத்தலப் பயணங்கள் மிகுவதும் இக்காலத்தில்தான். செல்வோருள் முதியோர் பலர். அவருள் நோன்பு நோற்போரும் உளர். உடற்சூடு 40 டிகிரியைக் கடந்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிற வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. வெயிலைப் பொறுத்துக்கொள்வது முதியோர் கடன் என்று இனியும் இருத்தல் தகாது. நோன்பு நாளில் உச்சிவேளை வண்டி மாற்றத்தைத் தவிர்ப்பதும், விடியற்காலை வண்டியைத் தேர்வதும் நோன்புக்கு இழுக்கல்ல. உடம்பைக் காத்தலும் அறத்தின் பாற்பட்டதே.

அட்சய திருதியையின் வரலாறு இங்கே நினைத்தற்குரியது. ஆதிபகவன் ஓராண்டுக்கும் மேலாக உணவு பெறாது நடந்தார். மக்கள் பொன்னும் யானையும் கொண்டுவந்து நின்றனர்; துறவிக்கு உணவளிக்கும் முறையை எவரும் அறிந்திலர். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் அளித்த கரும்புச் சாறே அவர் ஏற்ற முதல் உணவு. தானம் என்னும் நெறி அங்கே தொடங்கிற்று என்பது நம் மரபு. வழிநடந்து வந்தவர்க்கு அவ்வேளையில் வேண்டியது எதுவோ, அதை அறிந்து அளித்ததே அக்கொடையின் சிறப்பு.

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றும் கோடை நடைமேடையில் ஒருங்கே பொருந்துகின்றன. அக்கினி நட்சத்திர நாள்களில் நிலைய அதிகாரிகளின் இசைவு பெற்று, செங்கற்பட்டு, திண்டிவனம், காஞ்சிபுரம் நிலையங்களில் தண்ணீர்ப் பந்தல் அமைக்க நம் இளைஞர்கள் முன்வரலாம். மண்பானையில் வடிகட்டிக் காய்ச்சி ஆற்றிய நீர், உப்பிட்ட நீர்மோர், முதியோர் அமர நான்கு நாற்காலி, ஒரு விசிறி இருந்தால் போதும். வந்து நிற்பவர் எவ்வூரார், எச்சமயத்தார் என்று கேளாமல் குவளையை நீட்டுக. மாலை வண்டிக்குக் காத்திருக்கும் நம்மவர் எவரேனும் இருப்பின், கதிரவன் சாய்வதற்கு முன்னரே சென்று அவரை உண்ணச் சொல்லுக.