குழல்விட்டமும் குருதித்தடமும்: ஐரோப்பிய மான் சட்டங்களில் காயமுற்ற விலங்கு

மான் வேட்டையின் வரலாறு பெரும்பாலும் வீழ்ந்த விலங்குகளைக் கொண்டே எழுதப்படுகிறது. காயமுற்றுத் தப்பிய விலங்கே சட்டங்களை உருவாக்கியது என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றுக்கான 1963ஆம் ஆண்டு மான் சட்டம், குழல்விட்டம் 0.240 அங்குலத்திற்கோ குழல்வாய் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கோ குறைந்த ரைஃபிள்களை விலக்கியது. வலுக்குறைந்த குண்டு மானை வீழ்த்தாது ஓடவிடும் என்பதே இவ்வரம்பின் அடிப்படை. பின்னர் விலங்கின் உடலளவும் கருதப்பட்டது. ஸ்காட்லாந்து 1985இல் சிறிய ரோ மானுக்கு 1,000 அடி-பவுண்டு போதுமென்றது. 2007இல் இங்கிலாந்தும் வேல்சும், நம் கேளையாட்டின் சீன உறவான முண்ட்ஜாக்கிற்கு 0.220 அங்குலத்தை ஏற்றன.

ஆயினும் எவ்வளவு வலிய துப்பாக்கியும் குறி தவறினால் காயமே மிஞ்சும். அந்நிலையில் நுரைத்த செங்குருதி நுரையீரலில் பட்டதையும், கருங்குருதி கல்லீரலில் பட்டதையும் தடமறிவோர்க்கு உணர்த்தும். காயமுற்ற மானின் துன்பம் தவிர்க்க, விலக்குக் காலத்திலும் இரவிலும் அதனைக் கொல்வதை 1991ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. செருமானியக் கூட்டாட்சி வேட்டைச் சட்டமோ அதனைத் தாமதமின்றிக் கொல்லுதலை வேட்டுவனின் கடமையாகவே விதிக்கிறது. முன்னது இசைவு, பின்னது கடப்பாடு. இவ்வேறுபாடு மேலும் ஆராயத்தக்கது.