சந்தனத்தின் அரச வரலாறு

திம்புள்ளப் பள்ளத்தாக்கிலே, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய இடங்களிலுள்ள தோட்டங்களில் ஒரு திருமணம் நிகழுமாயின், மண்டப வாயிலில் இரண்டு பொருள்கள் விருந்தினரை எதிர்கொள்ளும். ஒன்று சந்தனக் கிண்ணம், மற்றையது பன்னீர்ச்செம்பு. மரத்தின் மணமும் மலரின் மணமும் ஒருங்கே கலந்து வருவோரை வரவேற்கும். கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் தம்முடன் கொணர்ந்த வழக்கம் இது. இன்று எளியவரும் கையாளும் இந்த மணக் கலவை, ஒரு காலத்தில் அரசவைக்கும் பிரபுக்களின் மாளிகைக்கும் சிறப்பாக உரியதாய் விளங்கிற்று. மணம் மக்களிடம் வந்து சேர்ந்தது; மரமோ நெடுங்காலம் அரசரிடமே தங்கிவிட்டது. அதனால் விளைந்த நன்மை தீமைகளைச் சிறிது ஆராய்வோம்.

சந்தனத்தின் புகழ் மிகப் பழமையானது. மேற்கு மலையிற் பிறந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் வந்து குவிந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத் சம்கிதையில் நறுமணப் பொருள்களைக் கலக்கும் முறைக்கென ஒரு தனி அத்தியாயமே வகுத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், நறுமணத்தை அரசர் நுகரத்தக்க இன்பங்களுள் ஒன்றாக வைத்து விரித்துரைக்கின்றது.

முகலாயர் காலத்தில் இக்கலை மேலும் செழித்தது. நூர்ஜகானின் தாயாராகிய அஸ்மத் பேகம் பன்னீர் வடிக்கும்போது, சூடான நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டு, அதனைத் திரட்டி ரோஜா அத்தர் ஆக்கினார் என்று ஜகாங்கீர் தமது நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். மாமன்னரின் பெயராலேயே அதற்கு ‘இத்ரே ஜகாங்கீரி’ என்று பெயர் சூட்டப்பட்டது. அரசவை கலையும் வேளையில் அத்தரும் தாம்பூலமும் வழங்குவது அக்கால மரியாதையாயிற்று. ஆங்கிலேய ஆட்சியாளரும் தமது தர்பார்களில் அம்முறையைக் கைவிடாது பின்பற்றினர்.

மலரோடு மரத்தைச் சேர்ப்பதன் காரணம் யாது? மலரின் மணம் விரைவில் ஆவியாகிவிடும். சந்தன எண்ணெயோ மெல்ல ஆவியாவது. மலரின் மணத்தைத் தன்னுள் ஈர்த்து நெடுநேரம் நிறுத்திவைப்பது. வட இந்தியாவின் கன்னோசி நகரத்தார் இந்த உண்மையைத் தொழிலாக்கினர். செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகெரிப்பர். எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று, சந்தன எண்ணெய் கொண்ட மற்றொரு கலத்தில் குளிர்ந்து இறங்கும். புதுமலர் இட்டு இவ்வாறு பலமுறை வடித்தால், சந்தனத்தில் மலர் மணம் நிறைந்த அத்தர் கிடைக்கும்.

இத்துணைச் சிறப்புடைய மரத்தை அரசர் தமக்கென ஒதுக்கிக்கொண்டதில் வியப்பில்லை. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1792 ஆம் ஆண்டில் சந்தனத்தை அரசுடைமை மரமென அறிவித்தார். அவருக்குப் பின்வந்த உடையார் அரசும் அவ்வுரிமையை விடவில்லை. மைசூர்ச் சந்தனக் கட்டைகள் கடல் கடந்து ஜேர்மனி முதலிய நாடுகளுக்குச் சென்று, அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டன. 1914 ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டதும் அந்த வணிகம் தடைப்பட்டது. கட்டைகள் விலைபோகாது தேங்கின. அப்போது மன்னராயிருந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் உள்நாட்டிலேயே எண்ணெய் வடிக்கத் துணிந்தனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து இரசாயன அறிஞர்கள் துணைநின்றனர். 1916 ஆம் ஆண்டில் பெங்களூரில் எண்ணெய் ஆலை எழுந்தது; மைசூர்ச் சந்தனச் சவர்க்காரமும் தோன்றிற்று. அரண்மனை மணம் சாதாரண மக்களின் குளியலறைக்கும் வந்தது.

இஃது ஒரு புறம். மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். குடியானவனின் சொந்த நிலத்தில் தானாக முளைத்தாலும் சந்தன மரம் அரசுக்கே உரியதாயிருந்தது. அதனைக் காக்கும் பொறுப்பு அவனுடையதாயிருந்தது. களவு போனால் ஐயமும் அவன்மீதே விழுந்தது. எனவே பலர் கன்றைக் கண்டவுடனே பிடுங்கி எறிந்தனர். சந்தனத்தின் வைரம் முற்றப் பல்லாண்டுகள் செல்லும். வேரிலும் எண்ணெய் மிகுதியாதலால், மரத்தை வேரோடு அகழ்ந்தே எடுப்பர். 1899 ஆம் ஆண்டில் குடகிலே அறியப்பட்ட கூர்முனை நோயும் எண்ணற்ற மரங்களை அழித்தது. இவற்றோடு கள்ளக் கடத்தலும் சேர்ந்து காடுகளை வெறுமையாக்கிற்று. 1998 ஆம் ஆண்டில் சந்தனம், அழிவை எதிர்நோக்கக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. விலையேற்றம் தாங்காது கன்னோசித் தொழிலாளர் பலர், சந்தன எண்ணெய்க்குப் பதிலாகப் பெற்றோலியத்திலிருந்து பெறும் பாரபின் எண்ணெயைக் கையாளலாயினர். சந்தனம் நீங்கிய அத்தரில் மலர் மணம் இருக்கலாம்; பழைய ஆழம் இராது.

பிழை காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. கர்நாடக அரசு 2001 ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டு அரசு 2002 ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவனுக்கே அதிலுள்ள சந்தன மரமும் உரியதென ஏற்றன. எனினும் வெட்டுவதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடுகள் நீடிக்கின்றன. இதற்கிடையில் அவுஸ்திரேலியாவின் வடமேற்குப் பகுதியில் இந்தியச் சந்தனம் பெருந்தோட்டப் பயிராகவே வளர்க்கப்படலாயிற்று.

இவ்வரலாறு இலங்கை மலைநாட்டுக்கும் பொருந்தும். திம்புள்ளைக்குக் கிழக்கே ஊவா மலைச்சாரலிலும் வெண்சந்தனம் இயற்கையாக வளர்கின்றது. சந்தனம் தனித்து வாழும் மரமன்று. அயலிலுள்ள செடிகளின் வேரைப் பற்றி ஊட்டம் பெற்றே தழைக்கும். அதன் வாழ்வு அயலில் வாழும் மனிதரையும் சார்ந்தே உள்ளது. அரசர் அளித்த பெருமை சந்தனத்துக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. அதன் கன்றை வளரவிடுவதும் பிடுங்கி எறிவதும் குடியானவன் கையில் இருக்கின்றன. காப்பவனுக்குப் பயனில் பங்கு உண்டாயின் மரம் வாழும். மரம் வாழுமாயின், திருமண வாயிலில் நீட்டப்படும் கிண்ணமும் வெறுமையாகாது.